தோப்பூரை நிறுத்திப் பார்த்தவர்

எதையாவது நிறுத்திப் பார்க்காமல் அவரால் இருக்க ஏலாது. ஓடுகிற ஒன்று எதனால் ஓடுகிறது என்று அறிய வேண்டுமா, அதிலிருந்து ஒரு துண்டைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உலகத்தைப் படிக்க அவரிடம் இருந்த ஒரே வழி அது.

எங்கள் விடுதியின் பின்பக்க அனெக்ஸுக்கு வாடகைக்கு வந்த அன்றே, பயணப்பையை முற்றத்தில் போட்டுவிட்டு, மின்பலகையைத் திறந்து சுவிட்சுகளை ஒவ்வொன்றாகக் கீழே தட்டத் தொடங்கினார். விடுதிக்குச் சொந்தக்காரியான பிலோ அக்கா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தார்.

“ஆரது? ஃபிரிட்ஜ் செத்துப்போச்சு!”

“சாகேல்ல அக்கா. நான்தான். எது எதைப் பிடிச்சுக்கொண்டு நிக்குதெண்டு பாக்கிறன்.”

“என்னட்டைக் கேட்டாச் சொல்ல மாட்டனே?”

“சரி, சொல்லுங்க. இது எதுக்குரியது?”

பிலோ அக்கா பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வரவேற்பு மேசைக்காரன். சாவி கொடுப்பவன், பில் எழுதுபவன், ஆளில்லாத நேரங்களில் பில்லின் முதுகில் வசனமுமல்லாத கவிதையுமல்லாத ஏதோ ஒன்றைக் கிறுக்குபவன். எனக்கும் தெரியாது.

“மாதாவே! சரி, நீங்களே பாருங்கோ,” என்று அக்கா அடுப்புக்குத் திரும்பிவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு சுவிட்சின் கீழும் ஒரு துண்டுத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. குசினி. ஃபிரிட்ஜ். மேல் அறை ஏசி. அனெக்ஸ். வட்டமான, கரும்பலகைக்குப் பழகிய எழுத்து.

அவருக்குப் பெயர் இருந்தது. எழுத மாட்டேன். எங்களுக்கு அவர் டீச்சர். ஊர் தோப்பூர், நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் கணினி படிப்பித்தார். வெள்ளிக்கிழமை பிற்பகலானால் மலைநாட்டுக்கு பஸ் ஏறுவார், அங்கே பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்பு. ஞாயிறு பொழுதுபட, கண்ணுக்குக் கீழே பஸ் கம்பியின் அச்சோடு வந்து இறங்குவார். மாணவர்களின் விடைத்தாள்களைப் பயணத்திலேயே திருத்தியதால், ரோட்டின் குலுக்கலெல்லாம் சிவப்பு மையில் பதிந்து கிடக்கும். “மிஸ், இது கந்தளாயில போட்ட சரி. இந்தப் பிழை ஹபரணைக் காட்டுக்குள்ள போட்டது, அதுதான் இப்பிடித் துள்ளுது” என்று பிள்ளைகள் தாளைப் பார்த்தே சொல்வார்களாம். இதைச் சொல்லிச் சிரிக்கும்போது மட்டும் அவருக்குக் களைப்பு இருக்கிறதென்று தெரியும்.

விடுதி உட்துறைமுகத்தின் ஓரத்தில். அங்கே தண்ணீருக்கு அலை கிடையாது. யாரோ விரித்துவிட்டு மறந்த துணி போலக் கிடக்கும். மாவுக் கப்பலோ சீமெந்துக் கப்பலோ வந்து நின்றால் தெரு முழுவதும் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்ததாகத் தோன்றும். மொட்டை மாடியில் ஏறினால், வானம் துடைத்த நாட்களில், குடாவுக்கு அப்பால் மூதூர்க் கரை ஒரு பென்சில் கோடு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் எங்கோ வயல்களுக்கு நடுவே தோப்பூர். அவருடைய உம்மா அங்கேதான் இருந்தார், டீச்சர் காக்கா என்று கூப்பிடும் மூத்த மகனின் வீட்டில், நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தோடு.

இன்னொரு தோப்பூர் அனெக்ஸில் இருந்தது.

பழைய மேசைக் கணினி ஒன்று. சூடு போகட்டுமென்று அதன் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார். அந்தச் சூட்டுக்காகவே விடுதிப் பூனை அனெக்ஸுக்குக் குடிபெயர்ந்தது. மத்தியானங்களில் பூனை தூங்க, விசிறி உறும, அவர் திரையில் ஓடும் வெள்ளை எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு கதிரையில் சப்பணமிட்டிருப்பார்.

“நாள் முழுக்க இதுக்குள்ள என்ன டீச்சர்?” என்று பிலோ அக்கா ஒருநாள் கேட்டார்.

“திருகோணமலை, கிண்ணியா, மூதூர், தோப்பூர்.”

“பகிடி விடாதீங்கோ.”

“உண்மையா அக்கா. ஒரு கணினிக்குள்ள பல கணினியை உண்டாக்கலாம். மெய்நிகர் இயந்திரமெண்டு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறனான். ஒவ்வொண்டும் தான் தனி, தனக்கெண்டு ஒரு மூளையெண்டு நினைச்சுக்கொண்டு ஓடும். உள்ளுக்க பாத்தா எல்லாம் இந்த ஒரு பெட்டிதான்.”

“அப்ப ஒரு வீட்டுக்குள்ள இருந்துகொண்டு வேற வேற உலை வைக்கிற மாதிரி.”

“அதேதான்! இதை நான் வகுப்பில சொல்லப்போறன்.”

ஊர்களுக்கிடையே அவர் இழைகள் கட்டியிருந்தார். நகரத்திலிருந்து கிண்ணியா, அங்கிருந்து மூதூர், அங்கிருந்து தோப்பூர்: அது ரோட்டு வழி. நகரத்திலிருந்து மூதூருக்கு நேரே மெல்லிய இன்னொரு இழை: அது கடல் வழி. ரோட்டு வழியில் கிண்ணியாவை நிறுத்துவார். சேதி திகைக்கும். கொஞ்ச நேரம் எங்கே போவதென்று தெரியாமல் நின்று, பிறகு கடல் வழியைக் கண்டுபிடித்து அக்கரையில் போய் ஏறும். குடாவைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன மருந்தகங்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் சேதி, ஒரு பக்கம் அறுந்தாலும் தானாகவே இன்னொரு பக்கத்தால் போய்ச் சேர வேண்டும். அவருடைய ஆய்வு அதுதான். திரையில் பார்த்தால் வெறும் எழுத்து. ஆனால் அந்த எழுத்துக்கு முன்னால் அவர் மூச்சைப் பிடித்திருப்பதைப் பார்த்தால், யாரோ இருட்டில் தோணி விட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அதிகமாக நிறுத்தப்பட்டது தோப்பூர். அது வரிசையின் கடைசி. அதை அணைத்துவிட்டு, மற்ற ஊர்கள் ‘தோப்பூர் இப்போது இல்லை’ என்று எவ்வளவு நேரத்தில் ஒப்புக்கொள்கின்றன என்று பார்ப்பார். பிறகு எழுப்புவார். மறுபடி அணைப்பார். நாளடைவில் அதுவே எங்கள் நலவிசாரிப்பானது.

“தோப்பூர் இருக்கோ டீச்சர்?”

“இப்ப இல்ல அண்ணன். தேத்தண்ணிக்குப் பிறகு வரும்.”

சீசன் காலத்தில் ஒரு பிற்பகல். அறைகளெல்லாம் நிறைந்திருந்தன. வெள்ளைக்காரர் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார், வைஃபை இல்லையாம். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பின்னால் கொழும்பிலிருந்து வந்த புதுமணத் தம்பதி. வைஃபை பெட்டியின் விளக்குகள் நல்ல பிள்ளையாக எரிந்துகொண்டிருந்தன. பிலோ அக்கா அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், செபம் சொல்வது போல ஏதோ முணுமுணுத்தார். பலனில்லை. நான் ஒரு போனை வாங்கிக்கொண்டு அனெக்ஸுக்குப் போனேன். டீச்சர் அதைப் பார்த்தார். முகம் வெளிறி, பிறகு மெல்ல மலர்ந்தது.

“அண்ணன், உங்கட ஆக்கள் எல்லாரும் தோப்பூரில இருக்கினம்.”

வைஃபை பெட்டிதான் வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு போனுக்கும் ஒரு விலாசம் கொடுக்கும். அவருடைய தோப்பூருக்கும் அப்படி விலாசம் கொடுக்கும் வேலையை அன்று பழக்கியிருந்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு மதில் கட்ட வேண்டும், கட்ட மறந்துவிட்டார். புதிதாக வந்த போன்கள் ‘எனக்கு விலாசம் தா’ என்று கேட்க, வைஃபை பெட்டிக்கு முன்னால் தோப்பூர் முந்திக்கொண்டு எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது. விலாசம் இருந்தது; அங்கிருந்து வெளியே போக ரோடு இல்லை.

“உடனே நிப்பாட்டுங்கோ!” என்றார் வாசலில் வந்து நின்ற பிலோ அக்கா.

“ஒரு நிமிஷம் அக்கா. ஆர் ஆர் வந்திருக்கினமெண்டு பாத்திட்டு.”

அந்த நிமிஷம் கொஞ்சம் நீண்டது. ஒரு விடுதி நிறைய ஆட்கள் வாழ்க்கையில் கேள்விப்படாத ஓர் ஊரில், வயலும் வெயிலுமில்லாத அந்தத் தோப்பூரில், தாங்கள் இருப்பது தெரியாமலே நின்றுகொண்டிருந்தார்கள். அவர் திரையைத் தொட்டுத் தொட்டு அவர்களை எண்ணினார், கலியாண வீட்டில் பந்திக்கு ஆள் பார்க்கிறவர் போல. பிறகுதான் அணைத்தார். அன்றைக்கு எல்லாருக்கும் அக்கா பப்பாசிப் பழச்சாறு கொடுத்துச் சமாளித்தார். புதுமணப் பெண், “ஏன் அன்ரி வேலை செய்யல்ல?” என்று கேட்டதற்கு, “நீங்கள் கொஞ்சம் தூரம் போயிட்டீங்கள் பிள்ளை” என்றார்.

நிறுத்திப் பார்க்கும் அந்தக் கை மனிதர் பக்கமும் நீண்டது. அதை நான் கொஞ்சம் பிந்தித்தான் கண்டுகொண்டேன்.

ஒரு வாரம் அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. காலையில், “தோப்பூர் இருக்கோ?” என்பேன், குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார். குறுஞ்செய்தி அனுப்பினால் மௌனம். என்ன பிழை செய்தேனென்று மேசையில் இருந்து யோசித்து யோசித்து, கடைசியில் பிலோ அக்காவின் கையில் ஒரு கோப்பை வட்டிலப்பத்தைக் கொடுத்து, ‘என்ன கோபமென்று கேட்டு வாருங்கள்’ என்று அனுப்பினேன். வெறுங்கோப்பையோடு டீச்சரே வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

“நேர் வழி அறுந்தா நீங்க என்ன செய்வீங்களெண்டு பாத்தனான். அக்கா வழியால வந்தீங்க. நல்ல வழி.”

சிரித்தேன். ஆனால் அன்று இரண்டு பில்லைப் பிழையாகக் கூட்டினேன். ஒருவர் நம்மை விரும்புகிறாரா, சோதிக்கிறாரா என்று தெரியாமல் நிற்பது, அலையில்லாத தண்ணீரின் ஆழத்தை மேலே நின்று ஊகிப்பது போன்றது.

“உங்களை நீங்களே நிப்பாட்டிப் பாத்திருக்கிறீங்களோ?” என்று கேட்டேன்.

“எந்தத் துண்டைக் கழட்ட? பள்ளிக்கூடத்தைக் கழட்டினா வீடு நிண்டுபோகும். படிப்பைக் கழட்டினா நான் நிண்டுபோவன். உம்மாட்டப் போறதை…” என்று தொடங்கி, கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, “அதைத்தான் கொஞ்ச நாளாக் கழட்டி வச்சிருக்கிறன்” என்றார். வெள்ளி, சனி, ஞாயிறு மலைநாட்டுக்குப் போய்விட, தோப்பூருக்குப் போக நாளில்லை. உம்மா கேட்டால், “இது முடியட்டும் உம்மா.”

முடியத்தான் இல்லை. மேற்பார்வையிட்ட பேராசிரியர் அவருடைய முடிவுகளைப் பார்த்துவிட்டு, “உங்கள் குடாவில் மழை பெய்வதில்லையா?” என்று கேட்டிருக்கிறார். அவர் ஒவ்வொன்றாக, சுத்தமாக அறுத்துப் பார்க்கிறார். நிஜத்தில் எதுவும் அப்படி அறுவதில்லை. பாதி சாகும், பாதி பிழைக்கும், இரண்டு வழி ஒன்றாகத் தடுமாறும். பல நாள் இடைவிடாமல் ஓடவிட்டு, எது எப்போது அறும் என்று அவருக்கே தெரியாதபடி ஒரு சோதனை வேண்டும். அதற்குக் கடைசித் தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணைக்குள் கையளிக்காவிட்டால் பதிவு ரத்து. அத்தனை வெள்ளிக்கிழமைகளும் ரத்து.

மாரி தொடங்கியபோது அவரும் தொடங்கினார். பாடசாலை விடுமுறை. சோதனை நடுவில் நின்றால் முதலிலிருந்து ஓட வேண்டும். அதற்குத் தவணையில் இடமில்லை. போனை அணைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

“உம்மா எடுத்தா?” என்றேன்.

“முக்கியமெண்டா வேற வழியால வரும் அண்ணன். வரத்தானே வேணும்?”

மழை வானத்தையும் துறைமுகத்தையும் ஒரே சாம்பலாகக் கரைத்தது. கப்பல்கள் தண்ணீரில் நிற்கின்றனவா ஆகாயத்தில் நிற்கின்றனவா என்று தெரியவில்லை. நகரத்துத் தெருக்களில் ஆடுமாடு போலத் திரியும் மான்கள் பஸ் நிலையக் கூரைக்குள் வந்து சனங்களோடு ஒதுங்கி நின்றன. கிண்ணியாவுக்கு அங்கால் ரோட்டுக்கு மேலால் வெள்ளம், பஸ் ஓடவில்லை என்றார்கள். அனெக்ஸில் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே வேறொரு மழை பெய்தது. இழைகள் தாமாக அறுந்தன, தாமாக ஒட்டின. அவர் ஒன்றையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை சற்று ஓய்ந்த ஒரு மத்தியானம், தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் என் மேசைக்கு வந்தார். மீன் வாடை அவருக்கு முன்னால் வந்துவிட்டது. மூதூரிலிருந்து மீன் கொண்டுவரும் போட்காரர்.

“தோப்பூர் டீச்சர் இரிக்கிற இடம் இதுதானே? அவட உம்மாவ மூதூர் ஆஸ்பத்திரில வெச்சிரிக்கி. கால் புண்ணு, சீனி கூடி மயங்கிட்டாங்க. காக்கா சொல்லி உட்டவர். போன் வேல செய்யல்லயாம்.”

“எப்ப?”

“நேத்து காலத்தால. நேத்து கடல் சரியில்ல, வர ஏலல்ல. இண்டைக்குத்தான் அடங்கினது.”

அனெக்ஸ் வரை சில அடிகள். சேதியின் கடைசித் துண்டு வழி நான். அவர் திரையிலிருந்து திரும்பினார். சொன்னேன்.

“எந்த வழியால வந்தது?”

முதலில் கேட்டது அதைத்தான். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து மறுபடியும் கேட்டார். “இந்தச் சேதி, அண்ணன். எந்த வழியால?”

“கடல் வழியால. நேற்றுக் காலமை வெளிக்கிட்டதாம்.”

அவர் தலை திரையை நோக்கித் திரும்பியது. அங்கே தோப்பூர் இருந்தது. கேட்கிற நேரமெல்லாம் ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று வரி வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பூனை எழுந்து முதுகை வளைத்தது.

“நேத்து முழுக்க நான் இதைப் பாத்துக்கொண்டு இருந்தனான்,” என்றார்.

முக்காட்டைச் சரிசெய்து, அலுமாரியைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு, போட்காரருக்குப் பின்னால் நடந்தார். வாசல் கேற்றடியில் நின்று திரும்பினார்.

“அண்ணன், ஒண்டையும் நிப்பாட்டாதீங்க. ஓடட்டும்.”

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

அவர் போட்டில் ஏறியிருப்பார், அந்நேரம் கரண்ட் போனது. அனெக்ஸில் மின்கலப் பெட்டி கீச்சிட்டது. அது கொஞ்ச நேரந்தான் தாங்கும். விடுதியின் ஜெனரேற்றரை இழுத்து இழுத்து எழுப்பினேன். கிழட்டு ஜெனரேற்றர், முழு வீட்டையும் சுமக்க முடியாமல் திக்கித் திணறி நின்றுவிட்டது. மறுபடி எழுப்பினேன், மறுபடி நின்றது. “அண்ணன்” என்று அவர் கேற்றடியில் கூப்பிட்ட குரல் காதிலேயே இருந்தது.

பிலோ அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு மின்பலகைக்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, வட்டமான அந்த எழுத்துகளை விரலால் தொட்டு வாசித்தார். மேல் அறை ஏசி. தட்டினார். கீழ் அறை ஏசி. தட்டினார். மோட்டர். குசினி. ஃபிரிட்ஜ்.

“அக்கா, உள்ளுக்க மீன் கிடக்கு!”

“செத்த மீன் இன்னொருக்காச் சாகுமே? இழு தம்பி.”

அனெக்ஸ் என்று எழுதிய ஒன்று மட்டும் மேலே நின்றது. இழுத்தேன். கிழம் இருமி, செருமி, ஓடத் தொடங்கியது. மாடியிலிருந்து அந்த மாரிக்கும் வந்து தங்கியிருந்த ஒரேயொரு வெள்ளைக்காரர் எட்டிப் பார்த்து, ஏசிக்கு என்ன நடந்ததென்று கேட்டார். அக்கா தமிழிலேயே சொன்னார்: “மழைக்க உமக்கென்ன ஏசி? போர்த்துக்கொண்டு படும்.” அன்று பொழுதுபட ஃபிரிட்ஜில் இருந்த மீன் முழுவதையும் பொரித்து, அவருக்கும் ஒரு பெரிய தட்டு கொடுத்துவிட்டார். அவர் மூன்று பேரின் பங்கைச் சாப்பிட்டார். கரண்ட் வந்து போய் வந்த அந்த நாட்களில், அக்காவும் நானும் மாறி மாறி அனெக்ஸ் வாசலில் கதிரை போட்டு இருந்தோம். உள்ளே போகவில்லை, ஒன்றையும் தொடவில்லை. விசிறிச் சத்தம் கேட்டால் போதும், தோப்பூர் இருக்கிறது.

உம்மா பிழைத்துக்கொண்டார். கால் விரலொன்றை எடுக்க வேண்டியிருந்தது. டீச்சர் திரும்பி வந்தபோது சோதனை ஓடி முடிந்திருந்தது. அவர் முதலில் மின்பலகையைத்தான் பார்த்தார், பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தவணைக்குள் ஆய்வைக் கையளித்தார். கடல் இழையைப் பற்றி எழுதிய பகுதியில், சேதி ஒரு முழு நாள் கரையில் காத்து நிற்கவும் கூடும் என்று சேர்த்திருந்ததாகச் சொன்னார். “இப்போது மழை பெய்கிறது” என்று பேராசிரியர் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாராம்.

பிறகு இடமாற்றம் கிடைத்துத் தோப்பூர்ப் பக்கமே போய்விட்டார். கழற்றி வைத்த பக்கத் தகடு இன்னும் எங்கள் ஸ்டோரில் கிடக்கிறது. துண்டுத் தாள்கள் மஞ்சளாகிப்போய் மின்பலகையில் இருக்கின்றன. ஆனால் அவரை நினைத்தால், போவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த ஒன்றுதான் எழுந்து வருகிறது.

கால் புண்ணுக்கு மருந்து கட்ட உம்மாவை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்து, சில நாள் அனெக்ஸில் வைத்திருந்தார். உம்மா சின்ன உருவம். கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டி, மடியில் பூனையோடு கதிரையில் இருந்தார். பிலோ அக்கா வெற்றிலைத் தட்டோடு பக்கத்தில். நான் வாசலில். வெயில் துறைமுகத் தண்ணீரில் பட்டுத் தெறித்து அறைக் கூரையில் நெளிந்துகொண்டிருந்தது.

“இதுக்குள்ளயா புள்ள தோப்பூர் இரிக்கி?” என்றார் உம்மா.

“ஓம் உம்மா. இந்தா, இந்த வரி.”

“நம்முட ஊடு?”

“ஊடெல்லாம் இல்ல. பேர் மட்டுந்தான்.”

“நான்?”

உம்மா திரையைக் கூர்ந்து பார்த்தார். வரிகள் ஓடின.

“நீ இத நிப்பாட்டி நிப்பாட்டிப் பாப்பியாமே. பிலோ அக்கா சொன்னா. எங்க, நிப்பாட்டிக் காட்டு பாப்பம்.”

“காட்டுங்கோ டீச்சர்,” என்றார் அக்கா, வெற்றிலையை மடித்தபடி. “எங்களுக்குச் சொன்னதெல்லாம் அவவும் பாக்கட்டும்.”

டீச்சர் கதிரையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் பெயரைக் காட்டிலும் அதிக தடவை அவர் எழுதிய கட்டளை அது. விரல்கள் பார்க்காமலே அடித்து முடித்தன. கடைசியாக ஒரு தட்டுத் தட்ட வேண்டும். திரையின் ஓரத்தில் சின்ன வெள்ளைக் கோடு ஒன்று எரிந்து எரிந்து அணைந்து, தட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே ஒரு கப்பல் ஊதியது. உம்மா பூனையின் காதை வருடியபடி, வேடிக்கை பார்க்கிற பிள்ளை மாதிரி முகத்தை முன்னால் நீட்டியிருந்தார்.

விரல் மேலேயே நின்றது. பிறகு, எழுத்தெழுத்தாக, எழுதியதை அவர் அழித்தார்.

“இப்ப ஏலா உம்மா.”

“ஏன், பழுதாப் போச்சா?”

“இல்ல,” என்றார். “நல்லா ஓடுது.”